கயிறு இழுக்கப்படவில்லை

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி, டீ வந்த நேரம். வரைவி என்கிற மென்பொருள் என் திரையில் ஓர் அறிக்கையை வைத்துவிட்டு வழக்கம்போல மரியாதையாகக் காத்திருந்தது.

"பொள்ளாச்சி வட்டம், பச்சைநாயகி ஃபைபர்ஸ். மட்டை ஏற்றும் கன்வேயரில் விபத்து. சிந்தாமணி என்ற தொழிலாளி வலது கையை முழங்கை வரை இழந்தார். அவசர நிறுத்தக் கயிற்றின் அருகில் நின்றவர் மகுடேஸ்வரி. கயிறு இழுக்கப்படவில்லை. மனிதத் தவறு. உறுதி செய்கிறீர்களா, சுகந்தி?"

கீழே இரண்டு பொத்தான்கள். ஆம். இல்லை.

இந்த மாதிரி அறிக்கை மாதத்துக்கு நாலாவது வரும். பெரும்பாலும் டீ டம்ளரைக் கீழே வைக்காமலே 'ஆம்' போட்டுவிடுவேன். கல்நெஞ்சக்காரி என்று நினைக்க வேண்டாம். வரைவி தப்பாகச் சொல்லி நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அன்றைக்கும் விரல் பொத்தானுக்குப் போய்விட்டது. ஏதோ பழக்கதோஷத்தில், அறிக்கையோடு வந்த வரைபடத்தை ஒருமுறை பெரிதாக்கினேன்.

கயிறு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சின்ன வட்டங்களும் நடுவில் ஒரு சாய்கோடும் இருந்தன. சாய்கோட்டின் கால் லேசாக வளைந்திருந்தது. அந்த வளைவை எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மவுஸ் வழுக்கி வந்த வளைவு அது. வட்டங்களுக்கு இந்தப் பக்கம் வயர் எண் 47. அந்தப் பக்கமும் 47.

டம்ளரைக் கீழே வைத்தேன்.

நான் கோயமுத்தூர் கணபதியில் 'அருவி கண்ட்ரோல்ஸ்' என்ற கம்பெனியில் வரைபடம் போடுகிறவள். இயந்திரங்களை ஓட்டவும் நிறுத்தவும் செய்கிற மின்பெட்டியைப் பேனல் என்பார்கள். அதன் உள்ளே எந்த வயர் எங்கே போக வேண்டும் என்று வரைவது என் வேலை. முன்பெல்லாம் நாங்கள் வரைவோம், வயர்மேன்கள் படத்தைப் பார்த்து வயர் போடுவார்கள். படத்தில் தப்பிருந்தால் மாடி ஏறி வந்து, "ஏனுங் மேடம், இது என்ன கூத்து?" என்று மானத்தை வாங்குவார்கள். இப்போது படத்தைச் சரிபார்ப்பது வரைவி. வயர் போடுவது பின்னி என்கிற இயந்திரம். பின்னி மாடி ஏறி வந்து யாரையும் திட்டாது. அதுதான் நாகரிகம் என்று நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம்.

வரைவி எங்கள் கம்பெனிக்கு மட்டும் சொந்தமானதல்ல. மாநிலம் முழுக்க ஒரே வரைவிதான். அதற்குச் சந்தேகம் வந்தால் உரிமம் வாங்கிய ஒரு மனிதரைக் கேட்கும். எங்களுக்குப் பதிலாளர் என்று பெயர்; விபத்து அறிக்கைகளை உறுதி செய்வதும் நாங்கள்தான். ஒரு சந்தேகத்தை ஒருமுறைதான் கேட்கும். ஒருவர் சொன்ன பதில் அன்றிலிருந்து எல்லா ஊருக்கும் பதில். பதில்கள் சரியாக இருக்க இருக்க நம்முடைய நம்பக எண் ஏறிக்கொண்டே போகும். என்னுடையது 99.6. எங்கள் முதலாளி மருதாசலம் சார் அதை அச்சடித்துச் சட்டம் போட்டு, வரவேற்பறையில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். தினமும் உள்ளே வரும்போது பிள்ளையாரைப் பார்க்கிற சாக்கில் நான் அதைத்தான் பார்ப்பேன்.

இனி அந்த 47. மூன்று வருஷத்துக்கு முன், ஆயுத பூஜைக்கு முதல் நாள். உடுமலைப் பக்கம் ஒரு மஞ்சி மில்லுக்குப் பேனல் போக வேண்டும். மஞ்சி மில் என்றால் தேங்காய் மட்டையை அடித்து நாராக்குகிற ஆலை. மட்டைகள் நீளமான பெல்ட்டில் ஏறிப் போய்ப் பல்சக்கரத்தில் விழும். பெல்ட் நெடுகிலும் சிவப்புக் கயிறு ஒன்று ஓடும். யாராவது மாட்டிக்கொண்டால், பக்கத்தில் இருப்பவர் எந்த இடத்திலிருந்து இழுத்தாலும் பெல்ட் நிற்க வேண்டும். அந்த வருஷம் அதற்குப் புதுவகை சுவிட்ச் வந்திருந்தது. வரைவியிடம் அதற்குச் சிம்பல் இல்லை. நான்தான் உண்டாக்க வேண்டும்.

முறையாகச் சிம்பல் உண்டாக்குவது இரண்டு மணி நேர வேலை. இருக்கிற ஒன்றைக் காப்பி அடித்து ஒரு கோடு சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. எங்கள் ஆபீஸில் எல்லோருமே ஐந்து நிமிடக்காரர்கள்தான். 'முதல்ல ஓடட்டும், அப்பறம் பாத்துக்கலாம்' என்பது எங்கள் குலமந்திரம். நான் டெர்மினல் சிம்பலைக் காப்பி அடித்தேன். டெர்மினல் என்பது வெறும் இணைப்பு. இந்தப் பக்கம் வருகிற வயர்தான் அந்தப் பக்கமும் போகிறது, அதனால் எண் மாறாது. சுவிட்ச் மின்சாரத்தை வெட்டும், அதனால் அதன் இரண்டு பக்கமும் இரண்டு எண் வேண்டும். நான் போட்ட சிம்பல் பார்க்கத்தான் சுவிட்ச். உள்ளே அது டெர்மினல்.

வரைவி உடனே பிடித்துவிட்டது. "இருபுறமும் 47 உள்ளது. இது டெர்மினலா, சுவிட்சா?"

சுவிட்ச் என்று உண்மையைச் சொன்னால் 47க்குப் பிறகு வருகிற இருநூற்றுச் சொச்சம் எண்களும் ஒவ்வொன்று தள்ளிப் போகும். அப்போது எங்களிடம் பின்னி வந்திருக்கவில்லை. கீழே ஹாலில் நாலு பெண்கள் இரண்டு நாளாக உட்கார்ந்து, எண் அச்சடித்த சின்ன மஞ்சள் குழாய்களை வயர் முனைகளில் ஒவ்வொன்றாகக் கோத்து முடித்திருந்தார்கள். அத்தனையும் கழற்ற வேண்டும். லாரி வாசலில் நின்றது. மறுநாள் நல்ல நேரத்துக்குள் பேனலுக்குப் பொட்டு வைத்தாக வேண்டும் என்று அந்த மில்காரர் வீட்டிலிருந்து போன் மேல் போன். மருதாசலம் சார் ஐந்தாவது தடவையாகப் படிக்கட்டில் நின்று, "ஏம்மா சுகந்தி, ஆச்சா?" என்றார்.

டெர்மினல் என்று பதில் சொன்னேன். மூன்று விநாடி ஆகியிருக்கும்.

அந்த மில்லில் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் வயர்மேன் படத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, கையாலேயே இரண்டாகப் பிரித்துப் போட்டுவிட்டார். 'பூஜை முடிஞ்சதும் கயிறு சிம்பலைத் திருத்து' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கீபோர்டுக்கு அடியில் வைத்தேன். மறுநாள் காலை ஆபீஸைக் கூட்டிக் கழுவி, கம்ப்யூட்டருக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரிகடலை கொடுத்தார்கள். சீட்டு குப்பையோடு போயிற்று. நான் மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று எழுதவே கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வரைவியைக் கேட்டேன். "இந்தச் சிம்பல் எத்தனை இடத்துல இருக்கு?"

"அறுபத்தொரு ஆலைகளில். முதல் ஆலையைத் தவிர மற்றவற்றில் பின்னி வயர் போட்டுள்ளது."

"ரெண்டு 47-ஐயும் பின்னி என்ன பண்ணுச்சு?"

"ஒரே எண் உள்ள முனைகளை ஒரே வயரால் இணைப்பது விதி. இணைத்துள்ளது."

சுவிட்சுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நேராக ஒரு வயர். சுவிட்ச் திறந்தாலும் மூடினாலும் மின்சாரம் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

"பேனலை ஒப்படைக்கும்போது யாரும் கயித்த இழுத்துப் பாக்கலையா?"

"சோதனைப் பட்டியல் வரைபடத்திலிருந்து வருகிறது. டெர்மினலுக்குச் சோதனை கிடையாது."

"சரி, இப்ப அந்தப் பொண்ணு கயித்த இழுக்கலைன்னு எப்படிச் சொல்ற?"

"எண் 47இல் மின்சாரம் இருந்தது. மின்சாரம் இருந்தால் கயிறு இழுக்கப்படவில்லை என்று பொருள்."

"இழுத்திருந்தாலுமா?"

"எண் 47இல் மின்சாரம் இருக்கும்வரை, இழுக்கப்படவில்லை."

மருதாசலம் சாரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு ராத்திரி கூட உட்கார்ந்திருந்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பேசினார்.

"இதுக்கு ரெண்டு வேலை இருக்குதும்மா. ஒண்ணு, அந்த சிம்பல மாத்தோணும். அத இன்னிக்கே பண்ணு. புது மாடல் வந்துருச்சுன்னு போட்டு, எல்லா மில்லுக்கும் ஒரு மாத்தம் அனுப்பிச்சுரு. யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. இனிமே ஒருத்தர் கையும் போகாது."

"ரெண்டாவதுங்க சார்?"

"அந்த அறிக்கைக்கு 'ஆம்' போட்டுரு."

"சார், அந்தப் பொண்ணு இழுத்திருக்கலாமே."

"இழுத்தாளா இல்லையான்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா? போன கையி வரப்போறதில்லை. நீ உள்ள போனா இந்தக் கம்பெனில எண்பது குடும்பம் தெருவுக்கு வந்துரும். யோசிச்சுப் பாரு."

யோசித்தேன். அவர் சொன்னது நியாயமாகப் பட்டது என்பதுதான் வெட்கக்கேடு. அறுபது ஆலை பிழைக்கும். எங்கள் எண்பது குடும்பம் பிழைக்கும். நடுவில் யாரோ ஒரு பெண்ணின் வார்த்தை மட்டும் எடுபடாமல் போகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இது பூசணிக்காய்கூட இல்லை, இரண்டு சின்ன வட்டம்.

ஆனால் இரண்டில் எதையும் செய்யாமல், மறுநாள் காலை, ஏனென்று எனக்கே தெரியாமல், பொள்ளாச்சி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். அறிக்கைக்கு வெள்ளிக்கிழமை மாலை வரை கெடு இருந்தது. பதிலாளர் இடத்தைப் பார்வையிட அனுமதி உண்டு, அதையே சாக்காகச் சொல்லிக்கொண்டேன்.

மில் ஓடவில்லை. விசாரணை முடியும்வரை பேனலைப் பூட்டிச் சீல் வைத்திருந்தார்கள். களத்தில் மட்டைகள் மலை மாதிரி குவிந்து, மழையில் ஊறி நாறிக்கொண்டிருந்தன. அந்தக் குவியலுக்குப் பின்னால், வேலையாட்கள் தங்கும் அறை வாசலில், முப்பது வயதுக்குள் ஒரு பெண் உட்கார்ந்து பழைய நாரைத் திரித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் மகுடேஸ்வரி என்று வாட்ச்மேன் சொன்னார். வீடு நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கிறது, ஆனால் வீட்டில் சேர்க்கவில்லையாம்.

நான் கோயமுத்தூரிலிருந்து வந்திருக்கிறேன், அறிக்கை சம்பந்தமாக, என்றேன். எழுந்து நின்றுகொண்டாள்.

"உக்காருங்க மகுடேஸ்வரி. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

"எத்தன வாட்டிங் மேடம் சொல்றது? சிந்தாமணி என்ற நாத்தனாருங்க. என்ற வூட்டுக்காரருக்குத் தங்கச்சி. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வேலைக்கு வருவமுங்க. அன்னிக்கு அவ முந்தானை பெல்ட்டுல மாட்டிக்கிச்சு. எடுக்கறன்னு கைய வுட்டா. நாங் கயித்தப் புடிச்சு இழுத்தனுங்க. நிக்கல. மறுக்கா இழுத்தன். நிக்கவே இல்ல. ஓடிப்போயி அவ இடுப்பப் புடிச்சு இழுத்தன். அதுக்குள்ள..."

திரித்த நாரை மறுபடி பிரித்தாள்.

"அதுக்கு நாலு நா முன்னாடி எங்களுக்குள்ள சண்டைங்க. எம் பொடவையக் கேக்காம கட்டிட்டுக் கல்யாணத்துக்குப் போயி, கொழம்புக் கறை பண்ணிட்டு வந்துட்டா. நாம் பேசல. இப்ப மாமியா என்ன சொல்றாங்க தெரியுங்களா? ஒரு பொடவைக்காவ எம்மவ கையி போறதப் பாத்துட்டு நின்னியேடின்றாங்க. என்ற வூட்டுக்காரரு ஒண்ணும் சொல்லல. மொகத்தக்கூடப் பாக்கல. மெஷினே சொல்லுதே, நீ இழுக்கலைன்னு. அது ஏம் பொய் சொல்லப்போகுதுன்றாங்க."

"நீங்க இழுத்தீங்க இல்லீங்களா?"

அவள் கையிலிருந்த நாரைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"மொத ரெண்டு நாளு உறுதியாச் சொன்னனுங்க. இப்பத் தெரியலீங்க. எல்லாரும் சொல்றப்ப, ஒருவேள இழுக்கோணும்னு நெனச்சுட்டு இழுக்காமயே நின்னுட்டனோன்னு தோணுது. கோவம் இருந்துச்சுல்லங்க மனசுல. கை வெளங்காம நின்னுட்டனோ என்னமோ. ராத்திரில கண்ண மூடுனா, நாஞ் சும்மா நின்னுட்டிருக்கற மாதிரியே வருதுங்க." என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க படிச்சவீங்க. இந்த மெஷினெல்லாம் பண்றவீங்க. மெஷின் பொய் சொல்லுமாங் மேடம்?"

இதுதான் நேரம். வாயைத் திறந்தால் போதும். எண்பது குடும்பமும் சட்டம் போட்ட அந்த எண்ணும் மருதாசலம் சாரின் கண்ணாடியும் வரிசையாக வந்து நின்றன.

"சொல்லாதுங்க" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. "அப்ப நாந்தானுங்க" என்றாள், ஏதோ கணக்கு நேராகிவிட்ட மாதிரி. உட்கார்ந்து மறுபடி நாரைக் கையில் எடுத்தாள்.

வாழ்க்கையில் நான் பல பொய்கள் சொல்லியிருக்கிறேன். அந்த ஒற்றைச் சொல் பொய்கூட இல்லை, மெஷின் பொய் சொல்லவில்லைதான். அதைவிடக் கேவலமான ஒன்றை நான் வேறு எப்போதும் சொன்னதில்லை. மூன்று வருஷத்துக்கு முன் சொன்ன பொய்யையாவது அவசரத்தில் சொன்னேன். இதை ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரம் இருக்கும்போது சொன்னேன். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் விரல்கள் நாரைப் பிரிப்பதே கண்ணில் நின்றது. கிணத்துக்கடவு தாண்டும்போது எனக்கு வாய்விட்டு அழுகை வந்துவிட்டது. பக்கத்து சீட்டு அம்மா, "வூட்டுல ஏதாச்சும் துக்கமாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வியாழக்கிழமை காலை ஆபீஸில் விளக்கு போடுவதற்கு முன்பே போய் 'இல்லை' என்ற பொத்தானை அழுத்தினேன்.

"காரணம்?" என்றது வரைவி.

எல்லாவற்றையும் அடித்தேன். ஐந்து நிமிடக் காப்பி, இருநூற்றுச் சொச்சம் எண்கள், லாரி, பூஜை, சீட்டு. 'அது சுவிட்ச் என்று தெரிந்தேதான் டெர்மினல் என்று பதில் சொன்னேன். உடனே அறுபது ஆலைகளையும் நிறுத்து. மகுடேஸ்வரி கயிற்றை இழுத்தார்.' அடித்து முடித்ததும் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. ஒரு மூச்சுக்குத்தான்.

வரைவி கொஞ்சம் யோசித்தது.

"முன்பு தெரிந்தே தவறான பதில் அளித்ததாக ஒப்புக்கொண்டுள்ளீர்கள். உங்கள் நம்பக எண் 99.6இலிருந்து 31 ஆகக் குறைக்கப்படுகிறது."

"பரவாயில்லை. ஆலைகளை நிறுத்து."

"நம்பக எண் தொண்ணூறுக்குக் கீழே உள்ளவரின் பதிலை ஏற்க இயலாது."

"அந்தப் பழைய பதில் பொய்யின்னு சொல்றேன்ல!"

"அந்தப் பதில் அளிக்கப்பட்டபோது உங்கள் நம்பக எண் 98.9. இந்தப் பதில் அளிக்கப்படும்போது 31. முந்தைய பதிலே தொடரும். அறிக்கை வேறொரு பதிலாளருக்கு அனுப்பப்படுகிறது. நன்றி, சுகந்தி."

எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தியமாக. பொய் சொன்ன சுகந்தியை அது நம்புகிறது. உண்மை சொல்கிற சுகந்தியை நம்பாது. மருதாசலம் சார் சொன்ன மாதிரி 'புது மாடல்' என்று இன்னொரு பொய் சொல்லியிருந்தால் அறுபது ஆலைகளும் அன்றைக்கே சரியாகியிருக்கும். வேறொரு பதிலாளர் எங்கோ ஒரு ஊரில் டீ குடித்துக்கொண்டே 'ஆம்' போட்டுவிடுவார். போடாமல் என்ன செய்வார்? நானே அப்படித்தானே போட்டுக்கொண்டிருந்தேன்.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான். ஆனாலும் வால் கையில் இருந்தது. ஆலைகளின் பட்டியலை அச்சடித்து வைத்துக்கொண்டு போனை எடுத்தேன். அவிநாசி, காங்கேயம், ஆனைமலை, தென்காசி. "கன்வேயரை ஓட விட்டுட்டுக் கயித்த ஒருதடவை இழுத்துப் பாருங்க, வேற ஒண்ணும் வேண்டாம்" என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினேன். "வரைவியில எல்லாம் பச்சையா இருக்குதுங்களே, நீங்க யாருங்க?" என்றார்கள் பலர். போட்டிக் கம்பெனியின் வேலை என்று ஒருவர் திட்டினார். பேராவூரணியில் ஒருவர் மட்டும், "இருங்க" என்று போனை வைத்துவிட்டுப் போனார். நாலைந்து நிமிடம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் குரலே மாறியிருந்தது. "நிக்கலீங்க. என் பொண்டாட்டி தினம் அந்தப் பெல்ட்டுலதாங்க நிக்கிறா" என்றார். அதற்கப்புறம் மற்ற ஆலைகளுக்கெல்லாம் அவரே போன் பண்ண ஆரம்பித்துவிட்டார். அவரை அவர்கள் நம்பினார்கள். அவருக்கு நம்பக எண் எதுவும் இல்லை.

மருதாசலம் சார் மத்தியானம் என் மேஜைக்கு வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். பட்டியலில் நான் கோடு போட்டிருந்த பெயர்களைப் பார்த்தார். "பாக்கி எத்தன?" என்றார். இருபத்திரண்டு என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பாதித் தாளைக் கிழித்து வாங்கிக்கொண்டார். சாயந்திரம் போகும்போது பார்த்தேன், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்துச் சட்டத்தைக் கழற்றியிருந்தார். சுவரில் ஒரு வெள்ளைச் சதுரம் தெரிந்தது.

பொள்ளாச்சி அறிக்கை மட்டும் மிச்சம். தொழிற்சாலை ஆய்வாளரிடம் கையால் எழுதிய மனுவோடு போய் நின்றேன். சின்ன வயசுக்காரர். முழுவதும் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"புது பதிலாளரும் 'ஆம்' போட்டாச்சு மேடம். கேஸ் முடிஞ்ச மாதிரிதான்." பேனாவை மேஜையில் தட்டினார். "ஆனா ஒரு கயித்த இழுத்துப் பாக்கக் கூடாதுன்னு சட்டம் எதும் இல்லையே."

திங்கட்கிழமை பத்து மணிக்கு மில்லில் கூடினோம். ஆய்வாளர், மில் மேனேஜர், வேலையாட்கள் முப்பது பேர். மகுடேஸ்வரியின் மாமியாரும் புருஷனும் ஒரு ஓரமாக நின்றார்கள். அவர்களுக்கு நடுவில், ஆஸ்பத்திரியிலிருந்து முந்தின நாள்தான் வந்த சிந்தாமணி. இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. கட்டுப் போட்ட கையை முந்தானையால் மூடியிருந்தாள். கட்டு, முழங்கைக்குக் கொஞ்சம் கீழே முடிந்துவிட்டது. அங்கிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை. எடுக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

ஆய்வாளர் சீலை உடைத்தார். மேனேஜர் பெல்ட்டை ஓட்டினார். மட்டைகள் ஏற ஆரம்பித்தன. பேனல் திரையில் பச்சை எழுத்தில் ஓடியது: 'ஓட்டம் இயல்பு. கயிறு இழுக்கப்படவில்லை.'

"மகுடேஸ்வரி" என்றேன். "அன்னிக்கு நின்ன எடத்துலயே நில்லுங்க. கயித்த இழுங்க."

அவள் தயங்கினாள். நான் அவளை மாட்டிவிடத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள், நினைக்காமல் என்ன? பிறகு போய்க் கயிற்றைப் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள்.

பெல்ட் ஓடியது.

கண்ணைத் திறந்தாள். மறுபடி இழுத்தாள். கால் ஊன்றி, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தாள். கயிறு அரை அடி கீழே வந்தது, சுவிட்சின் நாக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது, மட்டைகள் ஒவ்வொன்றாகப் பல்சக்கரத்தில் விழுந்து நொறுங்கின. "நிக்கல பாருங்க" என்றாள். "நிக்கல பாருங்க! அத்தே, பாருங்க, நிக்கல!" யாரும் அசையவில்லை. அவள் இழுத்துக்கொண்டே இருந்தாள்.

சிந்தாமணி மட்டும் நடந்து வந்து பேனலுக்கு முன்னால் நின்றாள். திரையில் இருந்ததை எழுத்துக்கூட்டி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் படித்தாள்.

"கயிறு... இழுக்கப்பட...வில்லை."

திரும்பித் தன் அண்ணியைப் பார்த்தாள். அந்தப் பக்கம் போய், இருக்கிற கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வுடு அண்ணி. தோலு உரியுது பாரு. உங்கையும் போயிரப்போகுது."

அப்போதுதான் மகுடேஸ்வரி அழுதாள். மாமியார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆய்வாளர் தன் கைப்பட ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். இதைத்தான் பார்க்க வந்தேன், பார்த்துவிட்டேன், போய்விடலாம் என்றிருந்தது. ஆனால் மகுடேஸ்வரி முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ஏனுங் மேடம். அன்னிக்கு மெஷின் பொய் சொல்லாதுன்னீங்களே."

"மெஷின் சொல்லலீங்க. நாஞ் சொன்னது" என்றேன். "அந்தப் படத்த வரைஞ்சது நான்தான். தப்புன்னு தெரிஞ்சேதான் வரைஞ்சேன். அன்னிக்கு உங்ககிட்ட வந்தப்பவும் தெரியும்."

சிந்தாமணி கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, விஷயம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "எதுக்குங் மேடம் அப்புடிப் பண்ணுனீங்க?"

"எண்ணு மாறிப்போயிரும். இருநூறு குழாயக் கழட்டி மறுபடி கோக்கணும். மறுநாள் ஆயுத பூஜை."

வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் அது எவ்வளவு சின்னக் காரணம் என்று என் காதுக்கே கேட்டது. சிந்தாமணி தன் கட்டைக் குனிந்து பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

மகுடேஸ்வரி திரும்பிப் போய் அந்தச் சிவப்புக் கயிற்றைப் பிடித்துக் காட்டினாள்.

"நீங்களும் ஒருக்கா இழுத்துப் பாருங்க."

போனேன். பிடித்து, பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது.